தம்பிக்கு வயிற்று வலி

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

ஒரு குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "என்னத்தைத் தின்னே?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "வெளிக்குப் போனியா?" என்பது. இவ்விரண்டிற்கும் பதில் கிடைத்துவிட்டால் ஓமத்தண்ணீர் வரும், அல்லது வெந்தயமும் மோரும் வரும், அல்லது தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் குழைத்துப் பூசப்படும். பெரும்பாலும் அன்று மாலைக்குள் குழந்தை எழுந்து விளையாடப் போய்விடும். அதனால் இந்த வைத்தியங்களின் மீது நமக்கு அளவற்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எப்போது நம்மைக் கைவிடும் என்பதைக் கடந்த ஆண்டு எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டோம். கற்றதை என் தோழியருக்கும், இம்மலரைப் படிக்கும் தாய்மார்களுக்கும் சொல்ல விரும்பி இதை எழுதுகிறேன்.

என் தம்பிக்கு அப்போது ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கோவிலில் சப்பரம். சப்பரத்தின் பின்னால் சுற்றியவன் பஜ்ஜி, பஞ்சு மிட்டாய், ஐஸ் என்று கண்டதையும் வாங்கித் தின்றிருந்தான். இரவு ஒன்பது மணிக்கு வயிறு வலிக்கிறது என்றான். எங்கே என்று அம்மா கேட்டதற்குத் தொப்புளைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினான். "இவ்வளவு தின்னா வலிக்காம என்ன செய்யும்?" என்று சொல்லி அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள்.

திங்கட்கிழமை அவனுக்குக் கணக்குப் பரீட்சை. காலையில் இட்லி வேண்டாம் என்றான். ஒரு தடவை வாந்தி எடுத்தான். நான் பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில், "எல்லாம் நடிப்பும்மா, வாய்ப்பாடு படிக்கலை, அதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் மறுத்து ஒன்றும் பேசவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எப்போதும் என்னோடு சண்டைக்கு வருகிறவன் அன்று பேசாமல் திரும்பிக்கொண்டதே ஓர் அறிகுறி என்பது எனக்கு அப்போது தெரியாது.

அப்பா உப்பு லாரியோடு வெளியூர் போயிருந்தார்கள். ஆச்சிதான் வீட்டிற்கு வைத்தியர். மதியம் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். மாலையில், "இவனுக்குக் குடல் ஏறியிருக்கு" என்று சொல்லிக் குடல் தட்டுகிற ஒரு பாட்டியிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பாட்டி எண்ணெய் தடவி வயிற்றை உருவிவிட்டபோது அவன் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. இரவு காய்ச்சல் கண்டது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பார்த்தால், அவன் இடுப்பை மடக்கிக் குனிந்தபடி, வலது பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய் வந்தான். அப்படியும் நான் பள்ளிக்கு வந்துவிட்டேன்.

எங்கள் பள்ளியின் நோயாளர் அறையைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர், துறவறம் பூண்ட நாள் முதல் பல ஆண்டுகள் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர்கள். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார்கள். சொன்னேன். சிஸ்டர் என்னைக் கேட்டவை மூன்றே கேள்விகள். "வலி முதல்ல எங்கே இருந்தது? இப்போ எங்கே இருக்கு? அவனால ஒரு காலில் நொண்டியடிக்க முடியுமா?" முதலில் தொப்புளில் என்றேன், இப்போது வலது பக்கம் அடியில் என்றேன், நொண்டியடிப்பதா, நிமிர்ந்து நடக்கவே முடியவில்லை என்றேன். சிஸ்டர் என்னை அலுவலக அறைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போனைக் கையில் கொடுத்து, "உங்க அம்மாகிட்ட சொல்லு. சாப்பிடவோ குடிக்கவோ ஒண்ணும் கொடுக்க வேண்டாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றார்கள்.

அன்று பிற்பகல் அவனுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. குடல்வால் அதற்குள் வெடித்துச் சீழ் வயிற்றினுள் பரவத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் முன்னதாக வந்திருந்தால் இரண்டு நாளில் வீட்டிற்கு அனுப்பியிருப்பேன் என்றார் டாக்டர். ஆனால் அவன் ஒன்பது நாட்கள் வயிற்றில் ஒரு குழாயும், கையில் ஓர் ஊசியுமாகப் படுத்துக் கிடந்தான். அந்த ஒன்பது நாட்களில் டாக்டரிடமும் சிஸ்டரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவைதாம் இனி வருபவை. எழுதி முடித்தபின் சிஸ்டர் இதைப் படித்துத் திருத்திக் கொடுத்தார்கள்.

குடல்வால் என்பது சிறுகுடல் வந்து பெருங்குடலில் சேருமிடத்திற்குச் சற்றுக் கீழே, விரல் போலத் தொங்கும் ஒரு சிறு குழாய். ஒரு முனை மூடியிருக்கும். திறந்திருக்கும் மறுமுனையைக் கெட்டிப்பட்ட மலமோ வேறெதுவோ அடைத்துக்கொண்டால் உள்ளே நீர் கட்டி, வீங்கி, கிருமிகள் பெருகிச் சீழ் பிடிக்கிறது. வலது பக்கத்தில் இருக்கிற ஓர் உறுப்பு கெட்டால் முதலில் தொப்புளில் ஏன் வலிக்க வேண்டும்? இதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போகும் நரம்புகள் இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாதவை. சிறுகுடலில் எங்கே கோளாறு என்றாலும், குடல்வாலில் கோளாறு என்றாலும், "வயிற்றின் நடுவில் ஏதோ சரியில்லை" என்றுதான் சொல்லும். பிறகு வீக்கம் முற்றி, வயிற்றின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய சவ்வைத் தொடும்போது, அந்தச் சவ்வின் நரம்புகள் இடத்தைச் சரியாகக் காட்டிக் கொடுக்கின்றன. அப்போதுதான் வலி தொப்புளிலிருந்து வலது அடிவயிற்றிற்கு இறங்குகிறது. இறங்குவதற்குச் சில மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். குதித்தாலோ, இருமினாலோ, வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்தாலோ அந்தச் சவ்வு அசைந்து சுரீரென்று வலிக்கும். நொண்டியடிக்கச் சொல்வதன் சூட்சுமம் இதுதான். 1889-இல் நியூயார்க் நகரத்து அறுவை மருத்துவர் சார்லஸ் மக்பர்னி, வலது அடிவயிற்றில் விரலால் தொட்டால் மிகுதியாக வலிக்கும் ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்தார். இன்றும் அந்த இடம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குடல்வால் நோயில் பெரும்பாலும் வலி முதலில் வரும், வாந்தி பிறகு வரும். பசி அறவே போய்விடும். தின்பண்டத்திற்கு ஆலாய்ப் பறக்கும் பிள்ளை, பிடித்த பண்டத்தைக் கையில் கொடுத்தும் வேண்டாம் என்றால் அது சாதாரணமல்ல. தொடக்கத்தில் காய்ச்சல் அதிகம் இராது. காய்ச்சல் இல்லை என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட மோசமான ஏமாற்று எதுவென்றால், குடல்வால் வெடித்தவுடன் சில நேரம் வலி சற்றுக் குறைந்தது போல் இருக்கும். "பார்த்தீங்களா, கை வைத்தியத்தில் கேட்டுடுச்சு" என்று நாம் மகிழ்வோம். சில மணி நேரத்தில் வயிறு முழுவதும் பலகை போல விறைத்து, காய்ச்சல் ஏறிவிடும். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு வலியைச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆகையால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போதே பெரும்பாலும் வெடித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

இந்த நோயின் வரலாறும் சுவையானது. 1735-இல் இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கிளாடியஸ் அமியாண்ட் என்பவர் ஒரு பதினொரு வயதுச் சிறுவனின் குடல்வாலை வெட்டியெடுத்தார். அச்சிறுவன் விழுங்கியிருந்த குண்டூசி குடல்வாலுக்குள் போய்க் குத்தி நின்றிருந்தது. மயக்க மருந்து என்பதே இல்லாத காலம் அது! சிறுவன் பிழைத்துக்கொண்டான். ஆனாலும் அடுத்த 150 ஆண்டுகள் இந்நோய்க்கு இன்றைய பெயர் கிடைக்கவில்லை. 1886-இல்தான் அமெரிக்க மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் இதற்கு அப்பெண்டிசைடிஸ் என்று பெயரிட்டு, சீக்கிரம் அறுவை செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். இங்கிலாந்து அரசர் ஏழாம் எட்வர்டுக்கு 1902 ஜூன் 26-இல் முடிசூட்டு விழா என்று வெளிநாட்டு விருந்தினர்களெல்லாம் வந்து இறங்கியிருந்தபோது, இரண்டு நாள் முன்னதாக இதே வலியால் அரண்மனையிலேயே அறுவைச் சிகிச்சை நடந்தது. விழா ஆகஸ்டு 9-க்குத் தள்ளிப் போயிற்று. அரசருக்கு முடிசூட்டு விழா தள்ளிப் போனது போல் எனக்குக் கணக்குப் பரீட்சை தள்ளிப் போயிற்று என்று என் தம்பி இப்போதும் பெருமையடித்துக்கொள்கிறான்.

எல்லா வயிற்று வலியும் குடல்வால் அல்ல. பேசத் தெரியாத குழந்தைகளுக்கு வேறொரு ஆபத்து உண்டு. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்வது அது. பழைய தொலைநோக்கிக் குழாய் மடங்குவது போல என்று டாக்டர் விளக்கினார். பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து மூன்று வயது வரை வரும். இதன் அழுகைக்கென ஓர் அடையாளம் உண்டு. குழந்தை திடீரென்று கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டு அழும். சில நிமிடங்களில் ஓய்ந்து, ஒன்றும் நடவாதது போலிருக்கும். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே வீறிடல். போகப் போக நடுவில் உள்ள ஓய்வு நேரத்தில் விளையாடாமல் சோர்ந்து வெளுத்துக் கிடக்கும். இரத்தமும் சளியும் கலந்து செந்நிறக் கூழ் போல வெளிக்குப் போகும். அந்த இரத்தம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. நேரத்தோடு போனால் பல குழந்தைகளுக்கு அறுவையே தேவையில்லை. ஆசனவாய் வழியாகக் காற்றையோ நீரையோ செலுத்திச் செருகலை விடுவித்துவிடுகிறார்கள். "உரம் விழுந்திருக்கு" என்று சொல்லிக் குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம், அந்த எளிய சிகிச்சைக்கான நேரம் போய்க்கொண்டிருக்கிறது.

வாந்தியின் நிறத்தையும் பார்க்க வேண்டும். பால் கக்குவது இயல்பு. பச்சையாக, கீரைச் சாறு போலப் பித்தநீர் வந்தால், அதுவும் பிறந்து சில நாளோ சில வாரமோ ஆன சிசுவுக்கு வந்தால், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடக் கூடும். அதற்கு நல்ல நேரம், இராகு காலம் பார்க்க இடமில்லை.

அடுத்து எழுதப்போவதை எழுதலாமா என்று மிகவும் தயங்கினேன். "வெட்கத்தினால் ஒரு பிள்ளை கெடுவதைவிட நீ எழுதுவது மேல்" என்று சிஸ்டர் சொன்னதால் எழுதுகிறேன். ஆண் பிள்ளைகளுக்கு விதை முறுக்கிக்கொள்வது என்று ஒன்று உண்டு. வலி அங்கே இருந்தாலும், அம்மாவிடமும் அக்காவிடமும் சொல்ல வெட்கப்பட்டு "அடிவயிறு வலிக்குது" என்றுதான் சொல்வார்கள். சிலருக்கு உண்மையிலேயே அடிவயிற்றில்தான் வலி தெரியும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் சரிசெய்யாவிட்டால் அந்த உறுப்பையே இழக்க நேரலாம். அதுபோலவே தொடை இடுக்கில் புடைப்பு உள்ள குழந்தைக்கு அது திடீரெனக் கெட்டியாகி, உள்ளே போகாமல், வலித்து வாந்தியும் வந்தால் குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள். வயிற்று வலி என்று சொல்லும் பையனின் நிக்கரை அவிழ்த்துப் பார்ப்பதில் ஒரு குறைவும் இல்லை.

பெண் பிள்ளைகளாகிய நம் பக்கத்திலும் வெட்கம் இருக்கிறது. மாதந்தோறும் வரும் வலி நமக்குப் பழகியது. ஆனால் எந்த வலி வந்தாலும் அதே கணக்கில் எழுதிவிட்டுப் பொறுத்துக்கொள்கிறோம். வழக்கமான நாளில் வராத வலி, ஒரே பக்கத்தில் திடீரென்று பிடித்துக்கொண்டு வாந்தியும் வரும் வலி, வழக்கத்தைவிடப் பன்மடங்கு மிகுந்த வலி இவற்றைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. குடல்வால் நமக்கும் உண்டு. சூலகம் முறுக்கிக்கொள்வதும் உண்டு. பெரியவளாகும் வயது கடந்தும் ஆகாத ஒரு பெண்ணுக்கு மாதம் ஒரு முறை அடிவயிறு வலித்துக்கொண்டே இருந்தால் அதற்கும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வயிற்றில் வலி, ஆனால் நோய் வயிற்றில் இல்லை என்பதும் நடக்கும். நுரையீரலின் அடிப்பாகத்தில் சளிக் காய்ச்சல் கண்டால் சிறு பிள்ளைக்கு வயிறு வலிக்கும். அப்போது மூச்சு வேகமாக இருக்கும். குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் சில சமயம் முதன்முதலில் வயிற்று வலியும் வாந்தியுமாகத்தான் தலை காட்டும். அந்தப் பிள்ளை சில நாட்களாகவே தண்ணீரை வாங்கி வாங்கிக் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, மெலிந்து, இப்போது பெருமூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். பொத்தான் போன்ற சிறு பேட்டரியையோ, இரண்டு காந்தத் துண்டுகளையோ விழுங்கிய குழந்தைக்கு வலியே இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் ஊரில் மழைக்காலம் வந்தால் டெங்குக் காய்ச்சலை மறக்க முடியாது. அக்காய்ச்சலில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று தாய் நிம்மதி அடையும் அந்த நேரம்தான் சில குழந்தைகளுக்கு ஆபத்து தொடங்கும் நேரம். அப்போது கடுமையான வயிற்று வலியும், நிற்காத வாந்தியும், பல் ஈறில் இரத்தமும், அளவு கடந்த சோர்வும் கண்டால் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுத்தால் இரத்தப்போக்கை அதிகமாக்கிவிடும்.

வயிற்றுப்போக்கோடு வரும் வலியில் வலியைவிடப் பெரிய எதிரி நீர் வற்றிப் போவது. அழுதால் கண்ணீர் வராது, நாக்கு உலர்ந்திருக்கும், கண்கள் குழி விழுந்திருக்கும், ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போயிருக்காது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். இப்படிக் கண்டால் உடனே போக வேண்டும். அந்த நிலைக்கு வராமல் தடுப்பதற்கு உப்பு சர்க்கரைக் கரைசல் இருக்கிறது. 1971-இல் வங்காளதேசப் போரின்போது எல்லையில் உள்ள பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் நீர் போதாமல் போனபோது, கொல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைப் பீப்பாய்களில் கலந்து வைத்துக் குடிக்கக் கொடுத்தே உயிர்களைக் காப்பாற்றினார். அவர் 2022-இல் காலமானார். அவருடைய பெயர் தெரியாமலே நாம் அந்தப் பொட்டலத்தைக் கிழித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுவதும் கலக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு தம்ளர் என்று கண்மதிப்பாகக் கலந்தால் உப்பு கூடிப்போய்க் கெடுதலே விளையும். கலந்ததை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தி மீதியைக் கொட்டிவிட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி கொடுக்கலாம்.

இத்தனையும் படித்துவிட்டு எந்தத் தாயும் நடுங்க வேண்டியதில்லை. குழந்தைகளின் வயிற்று வலிக்கு மிகச் சாதாரணமான காரணம் மலச்சிக்கல். பள்ளிக் கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டு அடக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் அநேகம் பேர். (இதைப் படிக்கும் சின்ன வகுப்புத் தங்கைகளே, உங்களைத்தான் சொல்கிறேன்.) குடற்புழுவும் ஒரு காரணம். பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையை மென்று விழுங்காமல் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு வந்து குப்பையில் எறிபவர்களுக்குப் புழு நன்றி சொல்லும்.

அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று சொல்லி, எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாத பிள்ளைகளும் உண்டு. இங்கிலாந்தில் ஜான் ஏப்லி என்ற குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்டார். ஏறக்குறையப் பத்தில் ஒரு பிள்ளைக்கு அப்படி விட்டுவிட்டு வலிக்கிறது என்று கண்டார். அவர் சொன்ன ஒரு விதியை டாக்டர் எனக்குச் சொன்னார். வலி தொப்புளைவிட்டு எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு உள்ளே உண்மையான கோளாறு இருக்கக் கூடும். பரீட்சை பயம், வீட்டில் சண்டை, புதிய பள்ளி இவற்றாலும் குடல் கலங்கி வலிக்கும். அந்த வலி பொய்யல்ல, குழந்தைக்கு உண்மையாகவே வலிக்கிறது. ஆகவே "நடிக்கிறான்" என்ற சொல்லை நான் இப்போது விட்டுவிட்டேன். அப்படி நெடுநாள் வலி உள்ள பிள்ளை தூக்கத்திலிருந்து வலியால் எழுந்தாலும், எடை குறைந்தாலும், வளர்ச்சி நின்றாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், காய்ச்சல் விட்டு விட்டு வந்தாலும் மேலும் பரிசோதிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் செய்த தவறுகளைப் பற்றி டாக்டர் கோபிக்கவில்லை. விளக்கெண்ணெய்தான் அவரை மிகவும் வருத்தியது. காரணம் தெரியாத கடும் வயிற்று வலிக்குப் பேதி மருந்து கொடுத்தால் குடல் வேகமாகச் சுருங்கி, வீங்கிய குடல்வால் சீக்கிரம் வெடிக்க ஏதுவாகும். வயிற்றை உருவுவதும் அப்படியே. வெந்நீர் ஒத்தடமும் அந்நேரம் வேண்டாம் என்றார். வலி தாங்காத குழந்தைக்கு எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் கொடுத்தால் தவறில்லை, அதனால் நோய் மறைந்து டாக்டர் ஏமாந்து போவதில்லை என்றும் சொன்னார். இது எங்களுக்குப் புதிய செய்தி. ஆனால் ஒரு வேளை மாத்திரைக்குப் பிறகும் வலி ஏறிக்கொண்டே போனால் அடுத்த மாத்திரையைத் தேடாமல் ஆஸ்பத்திரியைத் தேட வேண்டும். நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் விடாமல் வலித்து, கூடிக்கொண்டே வந்தால் அதுவே போதுமான காரணம். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

அந்த டாக்டர் தம்பியைப் பரிசோதித்த விதத்தை என்னால் மறக்க முடியாது. கைகளை முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். முழங்காலை மடக்கச் சொன்னார். வலி இல்லாத இடது பக்கத்திலிருந்து தொட்டுக்கொண்டு, கடைசியாகத்தான் வலது பக்கம் வந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வயிற்றையல்ல, தம்பியின் முகத்தை. வலது பக்கம் விரல் பட்டவுடன் முகம் சுளித்ததும் கையை எடுத்துவிட்டார். பிறகுதான் இரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம். அம்மாவிடம் அவர் கேட்ட கேள்விகளுக்கு அம்மாவால் பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே போயிற்று, வாந்தி எத்தனை முறை, என்ன நிறம், கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, என்னென்ன மருந்து கொடுத்தீர்கள். இப்போது எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ வலியோ கண்டால் காலண்டரின் பின்பக்கத்தில் மணியோடு குறித்து வைப்பது என் வேலை.

ஆச்சி அந்த ஒன்பது நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் செபமாலையும் கையுமாக இருந்தார்கள். யாரும் அவர்களை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் வீடு திரும்பியதும் விளக்கெண்ணெய்ப் புட்டியை அவர்களே எடுத்துக் குத்துவிளக்கு மாடத்தில் வைத்துவிட்டார்கள்.

போன மாதம் அடுத்த வீட்டுச் சின்னப் பையன் வயிறு வலிக்கிறது என்று அழுதுகொண்டு வந்தான். ஆச்சி அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்து, "ஏலே, எங்க வலிக்குன்னு ஒத்த விரலால தொட்டுக் காட்டு" என்றார்கள். தொப்புளைத் தொட்டான். "நொண்டியடி பாப்போம்" என்றார்கள். முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, இன்னொரு சுற்றும் அடிக்கட்டுமா என்று கேட்டான். காலையிலிருந்து கொட்டையோடு ஏழு கொய்யாப்பழம் தின்றிருந்தானாம். ஆச்சி அவனுக்கு ஓமத்தண்ணீர் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைத்தார்கள். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, "ராத்திரி வரைக்கும் பாரு. வலி கூடுனாலும் சரி, வலப்பக்கம் எறங்குனாலும் சரி, என்னைத் தேடி வராத, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லி அனுப்பினார்கள்.